ஒபிஸ்ல ப்ரைடல் ஷவர் வைங்க, ஆனா லிஸ்ட் போட்டு காசு சேக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் ஹட்டன் டவுன்ல ஒரு ஒபிஸ்ல 14 வருஷமா வேலை செய்றேன். எங்க ஒபிஸ்ல சின்னவங்க பெரியவங்க எல்லாம் சேத்து 23 பேர், அதுல பாதிக்கு மேல தோட்டத்துல இருந்து பஸ் ஏறி வர்ற புள்ளைங்க, டிக்கோயா பக்கம், மஸ்கெலியா, பொகவந்தலாவ, நோர்வூட்னு. நான் எழுத வந்த விசயம் சின்னதா தெரியலாம், ஆனா எனக்கு ஆறு மாசமா மனசுல கெடந்து அரிக்குது, அதான் எழுதிடுவோம்னு ஒக்காந்துட்டேன். ஒபிஸ்ல கூட வேலை செய்ற புள்ளைக்கு கலியாணம்னா இப்ப எல்லாரும் வைக்கிறாங்களே ப்ரைடல் ஷவர், கலியாணத்துக்கு முன்னாடி பொண்ண வாழ்த்தி பரிசு குடுக்குற விருந்து, அதப் பத்திதான். கொழும்புல மட்டும் இருந்தது, பேஸ்புக்ல பாத்து பாத்து இப்ப நம்ம மலையகத்துல பேங்க், பாமசி, ஸ்கூல் ஸ்டாஃப் ரூம், தோட்டத்து ஒபிஸ் வரைக்கும் வந்துடுச்சி. வரட்டும், நான் வேணாம்னு சொல்லல. எப்புடி வைக்கிறோம்ங்கிறதுலதான் எனக்கு பேச்சு இருக்கு.

மொதல்ல நான் செஞ்ச தப்ப சொல்லிடுறேன். போன வருஷம் ஆவணி மாசம் எங்க ஒபிஸ்ல ஒரு தங்கச்சிக்கு கலியாணம் வந்துச்சி. ஷவர் வைக்கணும்னு சின்ன புள்ளைங்க எல்லாம் ஆச பட்டுச்சிங்க, மூத்தவ நான்தானேன்னு பொறுப்ப என் கையில குடுத்துட்டாங்க. நான் என்ன செஞ்சேன், ஹொட்டல்ல ஒரு ஹோல் பேசி, டெக்கரேசன், கேக், பஃபே, கிஃப்ட் எல்லாம் கூட்டிப் பாத்து பேருக்கு வகுத்தா 3500 ரூவா வந்துச்சி, அத அப்புடியே வட்ஸ்அப் குரூப்ல பேர் லிஸ்டா போட்டு குடுத்தவங்க பேருக்கு நேரா பச்ச கலர்ல சரி அடையாளம் போட்டுக்கிட்டே வந்தேன். ரெண்டு நாள்ல எல்லார் பேருக்கும் பச்ச விழுந்துடுச்சி, ஒரே ஒரு பேருக்கு விழல. அது எங்களுக்கு டீ ஊத்திக் குடுக்குற அக்கா.

மூணாவது நாள் காலயில அந்த அக்கா பிளேன்டி கொண்டாந்து என் மேசையில வச்சிட்டு போகாம நின்னாங்க. என்னக்கான்னு கேட்டேன். மெதுவா சொன்னாங்க, "மிஸ், எங்கிட்ட 1500 இருக்கு, மிச்சம் 2000த்த நீங்க போட்டு அந்த அடையாளத்த போட்டுடுறீங்களா, சம்பளம் எடுத்த ஒடனே தந்துடுறேன்." காசு இல்லங்கிறது அவங்களுக்கு பெருசா படல, இருபத்தி ஒரு பேருக்கு நேரா பச்ச இருந்து தன் பேருக்கு நேரா மட்டும் வெறுமையா இருந்ததுதான் அவங்கள போட்டு கொன்னிருக்கு. அந்த லிஸ்ட போட்டது நான். அவங்க அம்மா இன்னமும் மலைக்கி போறவங்க. 2024ல நாள் சம்பளம் 1350 ஆச்சி, அந்தக் கணக்குல பாத்தா 3500ங்கிறது ரெண்டரை நாளைக்கும் மேல மழயிலயும் அட்டக் கடியிலயும் ஏறி எறங்கி கொழுந்து பறிக்கிற காசு. இத நான் லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும், ஏன்னா நானும் தோட்டத்து தொழிலாளிங்க வரிசை வீடான லயத்துலதான் பொறந்து வளந்தவ.

ஹோலுக்கு அந்த அக்கா வந்தாங்க, மூலையில ஒரு கதிரையில ஒக்காந்தாங்க. பஃபேல சோறு கொஞ்சம் எடுத்தாங்க, கேக் துண்ட சாப்புடாம சேர்வியட்ல சுத்தி பேக்ல வச்சத நான் பாத்தேன், வீட்டுல சின்னவன் இருக்கான். ஐஸிங் சேர்வியட்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சி, அத வெரலால வழிச்சி திரும்ப கேக் மேல வச்சி மடிச்சாங்க. எனக்கு அன்னைக்கி சாப்பாடு எறங்கல.

கலியாணப் புள்ளைக்காவது சந்தோசமா இருந்துச்சான்னு கேட்டா அதுவும் இல்ல. சர்ப்ரைஸ்னு சொல்லி அதுகிட்ட ஒண்ணும் சொல்லாம கூட்டிக்கிட்டு போனாங்க. ஹட்டன்ல அந்த மாசம் மழைன்னா எப்புடின்னு உங்களுக்கு தெரியும். காலயில தோட்டத்து ரோட்டுல நடந்து வந்து பஸ் ஏறுன புள்ள, சாரி கீழ்ப்பக்கம் பூரா செம்மண்ணு, சப்பாத்து நனஞ்சி கெடக்கு, தல ஒழுங்கா இல்ல. அந்தக் கோலத்துல கதவத் தொறந்தா எல்லாரும் கத்தி கைதட்டுறாங்க, தோள்ல ப்ரைட் டு பின்னு எழுதுன பட்டிய போட்டு விடுறாங்க, ஃபோன் எல்லாம் மூஞ்சிக்கு நேரா. அது ரெண்டு கையாலயும் சாரிய இழுத்து கால மறச்சிக்கிட்டே நின்னுச்சி. அடுத்த நாளே அந்த ஃபோட்டோ எல்லாம் பேஸ்புக்ல.

அதோட விட்டாங்களா, கேம்னு சொல்லி மாப்பிள்ளயப் பத்தி கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. எத்தன தடவ தனியா வெளிய போனீங்க, மொத மொத கைய புடிச்சது எங்க, அதுக்கு மேலயும் கேட்டாங்க, நான் இங்க எழுத விரும்பல. அந்தக் கலியாணம் ரெண்டு வீட்டுலயும் பேசிச் செஞ்சது, பொண்ணும் மாப்பிள்ளயும் பரிசம் போட்டதுக்கு பொறவு ஃபோன்ல பேசுனதோட சரி. மெனேஜர், ஃபீல்ட் பையன்மார் எல்லாம் இருக்குற எடத்துல அந்தப் புள்ள என்ன பதில் சொல்லும், தலய குனிஞ்சிக்கிட்டு சிரிச்சிச்சி. அந்த சிரிப்ப யாரோ வீடியோ எடுத்து போட, மாப்பிள்ள வீட்டு அத்தை ஒருத்தங்க பாத்துட்டு "எங்க புள்ள கூட சுத்தித் திரிஞ்சாளாமே"ன்னு பேச்ச கெளப்பி, கலியாணத்துக்கு பத்து நாள் இருக்கயில பெரியவங்க போயி சமாதானம் பேச வேண்டியதா போச்சி. இதுல இன்னொண்ணும் இருக்கு, நம்ம நாட்டு தண்டனைச் சட்டக் கோவை 345ம் பிரிவுல, 1995ல திருத்தினதுக்கு அப்பறம், வார்த்தையால பாலியல் தொந்தரவு குடுக்குறதும் குத்தம்தான், வேலை செய்ற எடத்துல மேல உள்ளவங்க செஞ்சாலும் அதுக்குள்ளதான் வரும். கேம்னு பேர் வச்சா மட்டும் பேச்சு மாறிடாது. அந்தக் கேள்விய ஒரு சாதாரண நாள்ல மேசையில வச்சி கேட்டா கம்ப்ளெய்ன் போகும், பலூன் கட்டி வச்சிட்டு கேட்டா எல்லாரும் சிரிக்கணுமா?

அதுக்கப்பறம் நான் இந்த ஷவர்ங்கிறது எங்க இருந்து வந்துச்சின்னு கொஞ்சம் தேடிப் படிச்சேன். ஒல்லாந்து தேசத்துல வழிவழியா சொல்லுற கதை ஒண்ணு இருக்கு. ஒரு பணக்கார அப்பா, மக ஏழ மில்லுக்காரன ஆசப்படுறா, அவன் இருக்குறத எல்லாம் இல்லாதவங்களுக்கு குடுத்துட்டு நிக்கிறவன். அப்பா சீதனம் தர மாட்டேன்னு சொல்லிட்டாரு. அவன்கிட்ட மாவு வாங்கி பசியாறுன ஊர்ச்சனம் எல்லாம் ஆளுக்கு ஒரு சாமானா கொண்டாந்து குடும்பம் நடத்த தேவையானத சேத்துக் குடுத்துச்சாம். ஷவர்ங்கிற பேர் பொறவு அமெரிக்காவுல வந்ததுன்னு சொல்றாங்க, சின்ன சின்ன பரிச ஒரு கொடைக்குள்ள போட்டு வச்சி பொண்ணு தலைக்கி மேல விரிச்சா மழ மாதிரி கொட்டுமாம், அதான் பேர். கதை உண்மையோ பொய்யோ, எனக்கு அதப் படிச்சதும் நம்ம லயம்தான் ஞாபகம் வந்துச்சி.

நான் சின்னப் புள்ளயா இருக்கயில எங்க லயத்துல கலியாணம்னா அப்புடித்தான். ஒரு காம்பரா 10க்கு 12 அடி, அதுக்குள்ள எத்தன சாமான் இருந்துட போகுது, ஆனா கலியாணத்துக்கு மொத நாள் ராத்திரி ஒரு லயமே சேந்து ஒரு வீடா மாறிடும். ஒரு காம்பராவுல அண்டா, ஒரு காம்பராவுல பாய், கடைசி தொங்க வீட்டுல மரக்கறி வெட்டு, வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து பொம்பளைங்க வெங்காயம் உரிக்கிறது, ஆம்பளைங்க பந்தல் போடுறது, விடிய விடிய தேத்தண்ணி. காசு இல்லாத வீட்டு ஆள் வந்து ரெண்டு கட்டு வெறகு போட்டுட்டு போவாங்க, அதுவும் கணக்குதான், அவங்களையும் பந்தியில மொத வரிசையில ஒக்கார வச்சி சாப்பாடு போடுவாங்க. மொய் எழுதுறது இருக்கும்தான், ஆனா மொய் நோட்டுல எழுதுன காசு நாளைக்கி நம்ம வீட்டுக்கு திரும்பி வரும், அது ஒரு சுத்து. ஒபிஸ்ல அப்புடி இல்ல பாருங்க, இன்னைக்கி குடுக்குறவங்க நாளைக்கி டிரான்ஸ்ஃபர்ல போயிடுவாங்க, டீ ஊத்துற அக்காவோட மக கலியாணத்துக்கு இன்னும் 15 வருஷம் இருக்கு, அப்ப நாங்க யார் எங்க இருப்போமோ. திரும்பி வராத காச மொய் மாதிரி எல்லார் தலையிலயும் சமமா எழுதுறது எந்த ஊரு நியாயம்?

இனி நல்லபடியா நடந்தத சொல்றேன், இத வாசிச்சிட்டு யாராவது ஒரு ஒபிஸ்ல மாத்திச் செஞ்சா போதும்.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து மலையகத்த என்ன பாடு படுத்துச்சின்னு நான் உங்களுக்கு சொல்ல தேவயில்ல. நுவரெலியா, பதுளை, கண்டி எல்லாம் மண்சரிவு, ரயில் பாதை போச்சி, எத்தன சனம் மண்ணுக்குள்ள போச்சி. எங்க ஒபிஸ்ல தைக்கி கலியாணம் வச்சிருந்த இன்னொரு தங்கச்சி வீட்டுக்கு பின்னால மேடு சரிஞ்சி வந்து லயத்துல மூணு காம்பரா மண்ணால மூடிடுச்சி. ஆளுங்க எல்லாம் தப்பிட்டாங்க, கடவுள் புண்ணியம். ஆனா கலியாணத்துக்குன்னு ரெண்டு வருஷமா சீட்டு கட்டி கொஞ்சம் கொஞ்சமா வாங்கி கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சிருந்த எவர்சில்வர் சாமான், ரெண்டு சாரி, பெட்ஷீட், எல்லாம் போச்சி. தோட்டத்து ஸ்கூல்ல மூணு கெழம இருந்தாங்க. கலியாணத்த தள்ளி வைக்கலாமான்னு கேட்டதுக்கு மாப்பிள்ள வீட்டுல, வேணாம், இருக்குறத வச்சி கோயில்ல செய்வோம்னு சொல்லிட்டாங்களாம். அந்த மாதிரி ஆளுங்களும் இருக்காங்க.

இந்த தடவ நான் மொதல்ல செஞ்ச வேல, அந்தப் புள்ளய தனியா கூப்பிட்டு கேட்டதுதான். தங்கச்சி, நாங்க உனக்கு ஏதாவது செய்யணும்னு பாக்குறோம், உனக்கு விருப்பமா, எப்புடி செஞ்சா விருப்பம், யார் யார் இருந்தா உனக்கு சரி, என்ன வேணும்? மொதல்ல ஒண்ணும் வேணாம்க்கா ஒண்ணும் வேணாம்க்கான்னு சொன்னிச்சி. நான் விடல. ரெண்டு நாள் கழிச்சி லஞ்ச் நேரத்துல வந்து ஒரு சின்னத் துண்டுல எழுதி குடுத்துச்சி. ப்ரெஷர் குக்கர் ஒண்ணு, கம்பளி ரெண்டு, பூட்டு உள்ள ஒரு சின்னத் தகரப் பொட்டி. பொட்டி எதுக்குன்னு கேட்டேன். "பர்த் சேட்டிஃபிகேட், ஐடிகாட், ஏ லெவல் சேட்டிஃபிகேட் எல்லாம் மண்ணுல போச்சிக்கா, இனி எடுக்குறத பத்திரமா வைக்கணும்"னு சொன்னிச்சி.

நான் கேக்காம இருந்திருந்தா என்ன வாங்கியிருப்பேன்? போன தடவ மாதிரி பெரிய ஓவன் ஒண்ணு வாங்கி கலர் பேப்பர் சுத்தி குடுத்திருப்பேன். லயத்துக் காம்பராவுல அத எங்க வைக்கிறது, அந்த கரண்ட் லைனுக்கு அது தாங்குமா? தயவு செஞ்சி கேட்டு வாங்குங்க. கேட்டா சர்ப்ரைஸ் போயிடும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், இல்லாதப்பட்ட வீட்டுப் புள்ளைக்கி சர்ப்ரைஸ விட சாமான் முக்கியம்.

அப்பறம் காசு. லிஸ்ட் இல்ல, இவ்வளவுதான்னு தொக இல்ல, குரூப்ல ஒரு வார்த்த இல்ல. ஒரே மாதிரி வெள்ளக் கவர் 22 வாங்கி ஆளுக்கு ஒண்ணு மேசையில வச்சேன். ஒரு பெரிய பால்மா டின்ன கழுவி மூடியில ஓட்ட போட்டு டைனிங் ரூம்ல வச்சாச்சி. ஒரு கெழம டைம். போடுறவங்க போடலாம், போட முடியாதவங்க வெறுங் கவர ஒட்டி போடலாம், கவர்ல பேர் எழுதக் கூடாது, இது மட்டும்தான் சட்டம். எண்ணுனது கேசியர் ஒரு ஆள், எந்தக் கவர்ல எவ்வளவுன்னு இன்னைக்கி வரைக்கும் எனக்கு தெரியாது, மெனேஜருக்கும் தெரியாது. மொத்தம் 26,400 ரூவா சேந்துச்சி. ஹோல் இல்ல டெக்கரேசன் இல்லங்கிறதால அவ்வளவும் அந்தப் புள்ளைக்கே போச்சி, குக்கர், கம்பளி, பொட்டி வாங்கி மிச்சத்த அந்தப் பொட்டிக்குள்ளயே வச்சி சாவிய கையில குடுத்தோம்.

போடாதவங்களுக்கு வேற வழி வச்சிருந்தேன், அதயும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா காச விட இதுதான் அதுக்கு ஒதவிச்சி. கலியாணத்துக்குன்னு தனியா லீவு நம்ம சட்டத்துல கெடயாது, 1954ம் வருஷத்து கடை, அலுவலக ஊழியர் சட்டத்துல வருஷத்துக்கு 14 நாள் எனுவல், 7 நாள் கெஷுவல், அவ்வளவுதான். அந்தப் புள்ள புயலுக்கே லீவ எல்லாம் எடுத்து முடிச்சிடுச்சி, புது வருஷத்து லீவுல கை வைக்கணும். அதனால அதோட கவுன்டர் வேலைய நாலு பேர் பிரிச்சி எடுத்துக்கிறோம்னு எழுதி மெனேஜர்கிட்ட குடுத்தோம், அவரும் ஓம்னு சொல்லிட்டாரு. சிங்களம் நல்லா பேசத் தெரிஞ்ச ஒரு பையன் அது கூட பிரதேச செயலகத்துக்கு போயி பர்த் சேட்டிஃபிகேட் கொப்பி எடுத்து குடுத்தான், பொலிஸ் என்ட்ரி, கிராம சேவகர் கையெழுத்துன்னு ஐடிகாட்டுக்கு அலஞ்சதும் அவன்தான். கலியாணத்த பதியணும்னா இதெல்லாம் இல்லாம முடியாதே. டீ ஊத்துற அக்கா சொன்னாங்க, எனக்கு தெரிஞ்சது மருதாணி, நான் வச்சி விடுறேன்னு. அவங்க வச்ச மருதாணிய பாத்துட்டு பக்கத்து கட காரங்க யார் வச்சதுன்னு விசாரிச்சிக்கிட்டு வந்தாங்க.

நாள் பாக்குறதுலயும் நெறய இருக்கு, கொழும்புக்காரங்க செய்ற மாதிரி சனிக்கிழம ராத்திரின்னு போட்டா நம்ம பக்கம் சரி வராது. அஞ்சு மணி பஸ்ஸ விட்டா பொகவந்தலாவ பக்கம் போற புள்ளைங்களுக்கு த்ரீவீல் காசு யார் குடுக்குறது, பனி எறங்கின ரோட்டுல தனியா நடந்து போறது யாரு? அதனால பகல் சாப்பாட்டு நேரத்தோட ஒரு மணித்தியாலம் கூட கேட்டு வாங்கி ஒபிஸ் உள்ளயே வச்சோம். டிசம்பர் போயாவுல இருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன், ஹட்டன் டவுன்ல கால் வைக்க எடம் இருக்காது, அந்த நேரம் ஹோல் வேன் எல்லாம் வெல ஏறும், அதயும் யோசிக்கணும். வெள்ளிக்கிழம அந்தப் புள்ள மச்சம் சாப்புடாது, முட்டயும் சேக்காது, அதனால புதன்கிழம. முக்கியமா, வீட்டுல பந்தக்கால் ஊண்டுறதுக்கு முன்னாடி வச்சிடணும், ஊண்டுன பொறவு நலங்கு, மஞ்சள்னு புள்ளய வெளிய விட மாட்டாங்க, நீங்க கூப்பிட்டா அது வீட்டுக்கும் ஒபிசுக்கும் நடுவுல கெடந்து முழிக்கும்.

சாப்பாடு வீட்டுக்கு ஒண்ணா கொண்டு வந்தோம், வசதிப்பட்டவங்க மட்டும். உளுந்து வட, தேங்கா ரொட்டியும் கட்டசம்பலும், கேசரி, எங்க ஒபிஸ்ல இருக்குற முஸ்லிம் நானா வீட்டுல இருந்து வட்டிலப்பம், சிங்கள அக்கா ஒருத்தங்க பாற்சோறு வெட்டி வாழ எலையில வச்சி கொண்டாந்தாங்க. எறச்சி இல்லாததால ஹலாலா, மச்சமா சைவமான்னு ஒரு கேள்வியும் வரல, எல்லாரும் எல்லாத்தயும் சாப்பிட்டாங்க. ஹொட்டல் பஃபேல நானா வெறும் சலாட் மட்டும் எடுத்து சாப்பிட்டது எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சி.

கேம் வைக்கல. அதுக்கு பதிலா கலியாணம் முடிச்சவங்க ஆளுக்கு ஒரு விசயம் சொல்லுவோம்னு சொன்னோம், குடும்பத்துல தெரிஞ்சிருக்க வேண்டியது, சமயல்லயோ காசு விசயத்துலயோ எதுவா இருந்தாலும். ஒருத்தங்க சொன்னாங்க உன் பேர்ல ஒரு பேங்க் புக் எப்பவும் வச்சிக்கன்னு, நானா சொன்னாரு கோவம் வந்தா ராத்திரி பேசாதீங்க விடிஞ்சதும் பேசுங்கன்னு. ஃபோட்டோ ஒரே ஆள் எடுத்தாரு, எடுத்ததெல்லாம் அந்தப் புள்ள ஃபோனுக்கு மட்டும், அது விரும்பினா அதுவே போடும்.

இதுல ஒரு விசயத்த மட்டும் நான் முன்கூட்டி யோசிக்கல. கடைசியா வளையல் போட்டு நெத்தியில சந்தனம் குங்குமம் வைப்போம்னு இருந்தோம். எங்க ஒபிஸ்ல ஃபைல் ரூம பாக்குற ஒரு அக்கா, புருசன் தவறி ஒம்பது வருஷம். வளையல் தட்ட எடுத்ததும் அவங்க ஒரு ஃபைல கையில எடுத்துக்கிட்டு, இத ஸ்டோருக்குள்ள வச்சிட்டு வந்துடுறேன்னு எழும்பினாங்க. அந்த ஃபைல் ஒரு கெழமயா அதே மேசையில கெடந்த ஃபைல். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, எனக்கும் தொண்டயில ஏதோ அடச்ச மாதிரி ஆயிடுச்சி. அந்தப் புள்ள பாத்துச்சி. கதிரைய விட்டு எழும்பி போயி ஸ்டோர் கதவுகிட்ட அவங்க கைய புடிச்சி, "அக்கா, நான் வேலைக்கி வந்த மொத நாள் எனக்கு லெட்ஜர் எழுத சொல்லிக் குடுத்தது நீங்கதானே, மொத வளையல் நீங்கதான் போடணும்"னு கூட்டிக்கிட்டு வந்துச்சி. அந்த அக்கா கை நடுங்குனதுல பச்சக் கண்ணாடி வளையல் ஒண்ணு ஒடஞ்சிடுச்சி, ஐயோன்னு பயந்து போயி நின்னாங்க. அது கைய எடுக்கல, அடுத்த வளையல எடுத்து அவங்க கையில குடுத்துச்சி. வீட்டுச் சடங்குல என்ன செய்யணும்ங்கிறது அந்தந்த வீட்டுப் பெரியவங்க முடிவு, நான் அதுல வாய் வைக்கல. ஆனா ஒபிஸ்ங்கிறது எல்லாரும் ஒரே மேசையில வேல செய்ற எடம், அங்க வளையல் போடுறதுன்னா எல்லாரும் போடுவோம், இல்லாட்டி அந்தப் பகுதிய வைக்கவே வேணாம்.

கலியாணத்துக்கு எங்க ஒபிஸ்ல இருந்து ஆறு பேரத்தான் அதால கூப்பிட முடிஞ்சிச்சி, கோயில் மண்டபம் சின்னது. சில பேருக்கு மனத்தாங்கல், காசும் குடுத்து கலியாணத்துக்கும் கூப்பிடலன்னு. பொதுவா ஷவருக்கு கூப்பிட்ட ஆள கலியாணத்துக்கும் கூப்பிடணும்னு ஒரு பழக்கம் இருக்கு, உண்மதான், ஆனா அந்தப் பழக்கம் உள்ள நாட்டுலயே வேலை செய்ற எடத்துல வைக்கிற ஷவருக்கு அது பொருந்தாதுன்னுதான் சொல்றாங்க. ஒபிஸ்ல வைக்கிறதே வர முடியாதவங்களும் வாழ்த்தத்தானே.

ஆசிரியர் அவர்களே, உங்க பேப்பர வாசிக்கிற மெனேஜர்மார், அதிபர்மார், நலன்புரிச் சங்கத்துல இருக்குறவங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். கலியாணமோ, புள்ளப் பேறோ, ரிட்டயராகிப் போறதோ, காசு சேக்குறதா இருந்தா பேர் போடாத கவர்ல சேருங்க. சங்கம் இருக்குற எடத்துல மாசம் ஒரு சின்ன தொக எல்லார்கிட்டயும் எடுத்து, ஒபிஸருக்கு குடுக்குற அதே தொகய கிளீனிங் செய்ற ஆளுக்கும் குடுங்க, கொன்ட்ரெக்ட்ல வந்தவங்க, கெஷுவலா வந்தவங்கன்னு விட்டுடாதீங்க. எங்க தோட்டங்கள்ல மரணாதார சங்கம் இத்தன வருஷமா அப்புடித்தானே நடக்குது, கங்காணி வீட்டு சாவுக்கு ஒரு தொக, சில்லற வேல செய்றவன் வீட்டு சாவுக்கு ஒரு தொகன்னு குடுக்குறது இல்லயே. இன்னொண்ணு, போன 14 வருஷத்துல எங்க ஒபிஸ்ல எத்தனயோ பேருக்கு கலியாணம் நடந்துச்சி, கவுன்டர்ல இருக்குறவங்களுக்கு கேக் வெட்டுனோம், கூட்டித் தொடைக்கிற புள்ளைங்க ரெண்டு பேர் கலியாணம் முடிச்சிட்டு வந்ததே தாலிய பாத்துத்தான் எங்களுக்கு தெரிஞ்சிச்சி. அத நெனச்சா இன்னைக்கும் வெக்கமா இருக்கு.

டீ ஊத்துற அக்கா அன்னைக்கி கடனா கேட்ட 2000த்த சம்பளம் எடுத்த அன்னைக்கே கொண்டாந்து என் மேசையில வச்சாங்க. வேணாம்னு சொன்னா அவங்களுக்கு இன்னும் வலிக்கும்னு வாங்கிக்கிட்டேன். அந்தக் காச நான் செலவு பண்ணல. எங்க ஒபிஸ்ல அடுத்த கலியாணம் வைகாசியில, கிளீனிங் வேலைக்கி வர்ற தங்கச்சிக்கி. பால்மா டின் அதே எடத்துல இருக்கு, 22 கவர் வாங்கி வச்சிட்டேன், அந்த 2000ம் அதுக்குள்ள பேர் இல்லாத ஒரு கவர்ல போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹட்டன்.